கேள்வி ஒன்பது

நாடாவின் ஒரு முனை டிருக்ஷனிடம்,
மறுமுனை என்னிடம்.
வாவிக்கரை நகர மண்டபம், மட்டக்களப்பு.
படிவத்தில் பதினாறு கேள்வி.
ஒன்பதாவது: தற்போதைய பயன்பாடு.
எழுத ஒரேயொரு வரி விட்டிருக்கிறார்கள்.

வரைபடம் அறுபத்து நாலில் கீறியது.
நீலத்தாள், ஓரமெல்லாம் கறையான்.
மேற்குச் சுவரில் முப்பத்தொரு கொங்கிறீட் செதில்,
ஒவ்வொன்றும் கொஞ்சம் சரிவாக,
வெயில் வெளியே நிற்க
கச்சான் மட்டும் உள்ளே வர.
கீறிய பார்த்தலட்
இந்தக் காற்றோடு வளர்ந்த மனுசனாக இருக்கவேண்டும்.

எண்ணினால் இருபத்தொன்பது.
திரும்ப எண்ணினேன்.
"ரெண்டு சூறாவளியில போனது" என்கிறார்
காவலுக்கு நிற்கும் உதுமாலெவ்வை.
"ஷெல்" என்கிறாள் கூட்டுகிற மங்களேஸ்வரி.
குறிப்பில் இரண்டையும் எழுதினேன்.

தூணில்லாமல் தொங்குகிற படி.
திறப்புவிழாவன்று ஏறப் பயந்து
உறுப்பினர்கள் கீழே நின்றே வடை தின்றார்களாம்.
மேலே, தரையோடு சேர்த்து வார்த்த
லாடவடிவ மேசை. யாராலும் கழற்ற முடியாது.
அதன் வளைவுக்குள்
எழுபத்தெட்டில் பிள்ளைகளைக் கிடத்தினார்கள்,
பிறகு ஆமிக்காரர் சேட்டுக் காயப்போட்டார்கள்,
கடல் வந்த வருசம் பருப்பு மூட்டை,
போன மாதம் ஒரு பொம்பிளை
கூறைச்சேலை மாற்றினாளாம்,
நாலு பேர் பெட்சீற் பிடிக்க.

கீழ்த்தளம், கவுண்டர் மூன்று.
வரைபடத்தில் "சோலவரி".
மரச்சன்னல், அரைவட்டத் துளை,
நிலத்திலிருந்து ஒரு மீற்றர் பன்னிரண்டு.
காசு நீட்ட வருகிறவன் குனியவேண்டும்.
உள்ளே இருப்பவனுக்குக் கண்மட்டம்.

தொண்ணூறில்
உள்ளே சாக்கு மூடிய தலையொன்று இருந்தது.
வெளியே வரிசை.
ஒவ்வொருவராகக் குனிந்து முகம் காட்டவேண்டும்.
அப்பா ஐந்தாவது ஆள்.
தலை அசையவில்லை.
ஆறாவதாக நின்றவர் கிரகோரி மாஸ்டர்.
அப்பா உருட்டிக்கொண்டு வந்த அவருடைய சைக்கிள்
எங்கள் வேலியில் மூன்று வருசம் சாய்ந்து நின்றது.
ரயருக்கு அப்பா காற்றடித்துக்கொண்டே இருந்தார்.

இனி ஏசி போடுவார்களாம்,
செதில்களுக்குப் பின்னால் கண்ணாடி.
அதற்குத்தான் இந்த அளவெடுப்பு.
மண்டபத்துக்குள் தலையில்லாத பொம்மைகளுக்கு
யாரோ சேலை கட்டிவிடுகிறார்கள்.
கேள்வி ஒன்பதில் எழுதினேன்:
மலிவு விற்பனை, ஞாயிறு வரை.

சன்னலின் தடிப்பை உள்ளிருந்து அளக்க
கவுண்டருக்குள் போய்க் கதிரையில் இருந்தேன்.
துளையில் ஒரு முகம் குனிந்தது.
நரைத்த மீசை, கையில் மடித்த பில்.
"பிள்ள, சோலவரி இங்கயா?"

தலையாட்டினேன்.

அந்த ஆள் இன்னும் குனிந்தபடியே நிற்கிறார்.
எழும்பி, கதவைத் திறந்து வெளியே வந்து
வாயால் சொன்னேன், தேவைக்கு மேல் சத்தமாக:
"இல்ல ஐயா, புதுக் கட்டடம்,
ரெண்டாம் மாடி,
லிஃப்ட் வேல செய்யுது."