அப்புறப்படுத்த வேண்டியவை

அழித்துவிடலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது.
இரண்டு வரி, ஒரு முத்திரை.
மேல்முறையீட்டுக்கு யாரும் போகவில்லை.

கோத்தகிரியில் காலை பத்தரைக்கும்
விளக்கைப் போட்டுத்தான் இந்த அறைக்குள் நுழைய வேண்டும்.
மூடுபனிக்கு வாரண்ட் தேவையில்லை.
ஜன்னல் இடுக்கு வழியே வந்து
சீட்டுகளின் மையை நக்கிவிட்டுப் போகும்.

சான்றுப் பொருள் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை
கல்.
சாக்கில் கட்டி அரக்கு வைத்திருக்கிறார்கள்.
டானிங்டன் முக்கில் அன்று
ரோடு போட ஜல்லி குவித்திருந்தது.
குவித்த கான்ட்ராக்டரின் பெயர்
குற்றப்பத்திரிகையில் எங்கும் இல்லை.

முப்பத்திரண்டு, பச்சைத் தேயிலை, அரைக் கிலோ.
கிலோ இரண்டேகால் ரூபாய் என்று
ஃபாக்டரி வாசலில் சாக்பீஸால் எழுதிய காலையில்
ரோட்டில் கொட்டிய நாற்பது மூட்டையிலிருந்து
மாதிரிக்கு எடுத்தது.
இப்போது கவருக்குள் ஒரு பிடி கறுப்பு.
மோந்து பார்த்தேன்.
எலிப் புழுக்கை வாசம்.

முப்பத்து மூன்று, லத்தி, முறிந்தது.
யார் மேல் முறிந்தது என்ற இடத்தில்
'கூட்டம்' என்று இருக்கிறது.
கூட்டத்துக்கும் முதுகு உண்டு என்று
ரைட்டர் ஒப்புக்கொண்டது அந்த அளவுக்குத்தான்.

நான்காம் எதிரி போஜனும்
லத்தியை ஒப்படைத்த ஏட்டு தேவசகாயமும்
அரவேணு பஸ்ஸில் சில நாள் ஒரே சீட்டில் வருகிறார்கள்.
ஏட்டு மேரக்காய் விலை பேசிக்கொண்டே வருவார்.
போஜன் பார்த்துத்தான் உட்காருவார்,
கேட்காத காது ஏட்டுப் பக்கம் இருக்கும்படி.

முப்பத்து நான்கு,
ரப்பர் செருப்பு, இடது கால், நீல வார்,
ஊக்கு குத்தியது.
உரிமையாளர் பூவாயி, அரசுத் தேயிலைத் தோட்டம்.
ஒன்பதாம் சாட்சி.
ரேஷனுக்கு வந்தவள்.

எல்லாரும் ஓடினார்களே, நீ ஏன் ஓடவில்லை
என்று வக்கீல் கேட்டார்.

எழுபத்தேழில் நாவலப்பிட்டியில ஓடினேனுங்க.
லயம் எரிஞ்சுச்சு, ரெண்டு செருப்பும் போச்சு.
தலைமன்னார்ல வெறுங்காலோடதான் கப்பலேறினேன்.
இந்தத் தடவை நின்னு பாப்போம்னு நின்னேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் என்றார்கள்.
தட்டச்சு செய்துகொண்டிருந்தவன் நான்.
அடித்துவிடு என்றார்கள்.
அவள் சொன்னதன் மேல்
ம ம ம ம என்று தட்டிக்கொண்டே போனேன்,
வாயை மூடிக்கொண்டு
ஒரு ஆள் பேசுகிற மாதிரி.
கார்பன் காப்பியில்
அந்த மகரங்களுக்கு அடியில்
நாவலப்பிட்டி இன்னும் தெரிகிறது.
எனக்குத் தெரிகிறது.

பதினொரு எதிரிகளும் விடுதலை.
அதற்குள் இரண்டு பேர் இறந்திருந்தார்கள்,
அவர்களும் விடுதலை.

செருப்பை மட்டும் உரியவரிடம் சேர்க்கச் சொல்கிறது உத்தரவு.
பூவாயிக்குப் போட்ட தபால்
'விலாசதாரர் இல்லை' என்று திரும்பிவிட்டது.
திருப்பூர்ப் பக்கம் மகனோடு போய்விட்டாள் என்கிறார் தபால்காரர்.
இல்லை, அது வேறு பூவாயி என்கிறாள்
அறை கூட்ட வந்த சரோஜினி.

அவள்தான் சாக்கைத் தூக்கிப் பார்த்து,
டானிங்டனில் மறுபடி தோண்டிப் போட்டிருக்கான் சார்,
அங்கேயே கொட்டிடட்டுமா என்றாள்.

தாலுகா ஆபீஸ் முன்னால் மைக் கட்டுகிற சத்தம்.
ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு.
பிறகு இலைக்கு விலை கேட்டு
ஒரு சின்னப் பையனின் குரல்,
இன்னும் முழுதாக உடையாதது.
வேன் ஒன்று வந்து நின்று
கதவு திறக்கும் சத்தம், பூட்ஸ் சத்தம்.

இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

சாக்கின் வாயை மறுபடி இறுக்கிக் கட்டினேன்.
அரக்கு உருக்க
சட்டைப்பையில் தீப்பெட்டி தேடினேன்.