ஃபிரிட்ஜுக்குள் பஸ் கார்டு

ஜனவரி ஒன்றாம் தேதி
ஃபிரிட்ஜில் ஒட்டிய வெள்ளைப் பலகையில்
பச்சை மார்க்கரால் எழுதினேன்:
10,000.
கீழே கோடு போட்டேன், இரண்டு தடவை.
பூபதி பார்த்துவிட்டு
"டாலரா?" என்றார்.
"சந்தாதாரர்கள்" என்றேன்.
"ஓ" என்றார். அந்த ஓ
இன்னும் சமையலறையில்தான் எங்கோ இருக்கிறது.

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
யாரோ பிறந்த விரிப்பும் யாரோ இறந்த விரிப்பும்
ஒரே சூட்டில் வெந்து, ஒரே மடிப்பில் அடங்கும்.
இரவு பத்தே முக்காலுக்கு மேல்
நான் ஜிப்புக்கு வைத்தியம் பார்க்கிறவள்.
பல் போன ஜிப், வாய் பிளந்த ஜிப்,
பாதி வழியில் துணியைக் கடித்துக்கொண்டு
ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்கிற ஜிப்.
திருப்பூரில் ஆறு வருஷம் தைத்த கைக்கு
இது ஒன்றும் பெரிய வித்தையில்லை.
பேசுவதுதான் வித்தை.
துவரம்பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து
"வணக்கம்" என்று தொடங்கி
என் குரலை நானே திரும்பக் கேட்டால்
யாரோ கடன் கேட்டு வந்தவள் மாதிரி இருக்கும்.

சத்தம் வேறு.
மாடிக்காரர் நடப்பார். ஹீட்டர் இருமும்.
ஃபிரிட்ஜ் ஒரு சுருதி பிடித்தால் விடாது;
அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பேசுவேன்.

வாரம் ஒன்று என்பது கணக்கு.
முதல் வாரம் ஒன்று. இரண்டாம் வாரம் ஒன்று.
மூன்றாம் வாரம் இதழிக்குக் காய்ச்சல்.
நான்காம் வாரம் யாருக்கும் ஒன்றுமில்லை,
சும்மா படுத்துக்கொண்டு
சோம்பலை வெல்வது எப்படி என்று
அடுத்தவர்கள் சொல்வதை
ஒன்றரை மணி வரை பார்த்தேன்.

என்னைப் பார்த்தவர்கள் நாற்பத்து மூன்று.
அதில் பதினொன்று நான்.
ஆறு பூபதி, வேலை இடைவேளையில், சத்தத்தை அணைத்து.
மிச்சம் இருபத்தாறு பேரை
தூங்குமுன் ஒரு பஸ்ஸில் ஏற்றிப் பார்ப்பேன்.
பின் இருக்கைகள் காலியாகத்தான் இருக்கும்.

மார்ச்சில் ஓர் இரவு
நன்றாகப் பேசிவிட்ட சந்தோஷத்தில்
பிளக்கை மறந்து தூங்கினேன்.
மறுநாள் இரவு திறந்தால்
பால் திரிந்து, மாவு பொங்கி வழிந்து,
மீன் தன் கருத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.
ஊரே உறைந்து கிடக்க
எங்கள் ஃபிரிட்ஜுக்குள் மட்டும் சித்திரை வெயில்.
பூபதி ஒன்றும் சொல்லவில்லை.
பலகையை ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்து எழுதினார்:
பால். முட்டை. மாவு. மீன் வேண்டாம்.
பத்தாயிரத்தில் ஒரே ஒரு பூஜ்யம் தப்பியிருந்தது,
முட்டைக்குப் பக்கத்தில்
இன்னொரு முட்டை மாதிரி.

சண்டைக்கு வாயெடுத்தேன்.
சிரிப்பு வந்து தொலைத்தது.

அடுத்த வாரம், சலவைக்கூட வாசலில்
மரிசெல்லின் ஜாக்கெட் நடு நெஞ்சில் நின்றுவிட்டது.
நான் கை நீட்டுமுன்
அவளே பையிலிருந்து பென்சிலை எடுத்து
பற்களின் மேல் கருகருவென்று தேய்த்து
சர்ரென்று கழுத்துவரை ஏற்றினாள்.
"எங்கே கற்றாய்?"
"உன்னிடம்தான். ஒரு சொல்லும் புரியவில்லை.
கையை மட்டும் பார்த்தேன்."
ஆக, இருபத்தாறில் ஒருத்தி இவள்.
தெரியாதவர்கள் இருபத்தைந்தே பேர்.
எண்ணிக்கை குறைந்து
நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பலகையில் இப்போது
"செவ்வாய், பத்தே முக்கால், உட்கார்."
பேச வராவிட்டால் பேச வேண்டாம், உட்கார்.
சில செவ்வாய் ஊசி கோத்ததோடு முடிந்துவிடும்.
பூஜ்யத்தை அழிக்கவில்லை.
எதற்கென்று தெரியாது, இருக்கட்டும்.

ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறேன்.
பிளக்கைப் பிடுங்கிய கையோடு
பஸ் கார்டை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன்,
தயிர்க் கிண்ண மூடியின் மேல்.
அது இல்லாமல் காலையில் எங்கும் போக முடியாது.
எடுக்கத் திறந்து, உள்ளே இருட்டாக இருந்தால்
பிளக் ஞாபகம் வரும்.

இன்று ஐந்தரை மணிக்கு, பெம்பினா சாலையில்
ஏறி, கார்டை நீட்டினேன்.
விரலெல்லாம் சில்லென்று, லேசாகத் தயிர் வாசம்.
பீப் என்றது.
பின் இருக்கை காலி.
போய் உட்கார்ந்தேன்.