தரவேண்டியது

அப்பாவோடு சேர்த்து எரிக்காதவை இரண்டு:
மோதிரம், கைப்பேசி.
மோதிரம் அண்ணனுக்குப் போயிற்று.
கைப்பேசியை எட்டாம் நாள் கட்சிக்காரர்கள்
இடைத்தேர்தல் சீட்டோடு என் கையில் வைத்தார்கள்.
பெண் என்றால் அனுதாபம் கூடும்.
அவ்வளவுதான் கணக்கு.

பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்.
இருபது தாண்டினால்
நாளைக்கு வாங்க என்று சொல்லத் தெரியும்.

அலசூரில் எங்கள் தெருக்களுக்கு இரண்டே கிழமை:
தண்ணீர் வரும் கிழமை, வராத கிழமை.
வராத கிழமையில் ராத்திரி மூன்றுக்கு அடிக்கும்.
"சிகாமணி அண்ணா..."
அண்ணா இல்லைங்க, அவர் பொண்ணு பேசறேன்.
ஒரு மூச்சு விட்டு,
"சரிம்மா, அண்ணாகிட்ட சொல்லிடு,
வால்வை இன்னும் திறக்கல."

கன்னடத்தில் உறுதிமொழி எடுத்தேன், ஒரு பிழையில்லாமல்.
முன்வரிசைக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:
சிகாமணி மகளு.
கெஜட்டில் மட்டும்தான் நான் யசோதா.

அறுநூற்றுப் பதினொரு பெயர்கள் அந்தக் கைப்பேசியில்.
இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி
அப்பா தமிழாக அடித்தவை.
வால்வு மாதேஷ்.
வால்வு மாதேஷ் தம்பி.
லூர்து நாற்பது ஓட்டு. அடுத்து,
லூர்து இப்போ பதினெட்டு.
எடுக்காதே. எடுக்காதே இரண்டு.
அழுவார்.
நிஜமாகவே அழுதார், மனைவிக்குக்
கல்லறையில் ஆறடி கேட்டு.
என் எண்ணைத் தேடினேன்.
கிளினிக் என்றிருந்தது.

அப்புறம் இது: தரவேண்டியது.
ஆள் பெயர் இல்லை, தொகை இல்லை.
ஜெயித்த மறுவாரம் அழைத்தேன்.
"ஆறு வருஷமாச்சே அண்ணா" என்றாள் ஒருத்தி
நான் வாய் திறக்கும் முன்பே.

ராஜகால்வாய் ஓரம் பதினேழு வீடுகள்.
இடித்த அன்று புல்டோசர் முன்னால்
வெள்ளைச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.
எங்கள் ஹாலில் சந்தன மாலை போட்டிருப்பது
அந்தப் போட்டோவுக்குத்தான்.
அதற்கு முந்தின நாள்
இடிக்கச் சம்மதித்து அவர் போட்ட கையெழுத்து,
நகல் அவளிடம் இருக்கிறது
பிளாஸ்டிக் உறையில், ரேஷன் கார்டுக்குப் பின்னால்.
"மாத்து இடம் தர்றேன்னாரு.
கெட்டவர்னு சொல்ல மாட்டேன்.
தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணுவாரு."

நான் விடவில்லை.
கோப்பு நில அளவைக்குப் போயிற்று,
நில அளவையிலிருந்து சட்டப் பிரிவுக்கு,
அங்கிருந்து ஒருவர் ஓய்வுபெற்றுப் போகும்வரை அவர் மேஜைக்கு.
கடைசியில் இரண்டு வீடு வந்தது.
பதினேழு பேருக்கு இரண்டு.
டோக்கன் போட்டேன், தெரிந்த வேலை அதுதானே.
அவளுக்கு விழவில்லை.

அடுத்த தேர்தல் பேனரில்
அப்பா முகமும் என் முகமும் ஒரே அளவு.
போன முறை நான் அவர் சட்டைப் பை உயரம்.
வித்தியாசம் ஆயிரத்து நூறு ஓட்டு;
லூர்து தன்னால்தான் என்கிறார்.

தீபாவளி விடியலில், தலையில் எண்ணெயோடு,
அவளை அழைத்தேன்.
பலகாரம் செய்தாளா, பையன் வேலைக்குப் போகிறானா.
எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:
"அப்படியே அவர் மாதிரி."
பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

எண்ணெய் விரலால் பெயரைத் திருத்தப் போனேன்.
திருத்தவில்லை.
சமுதாயக் கூடத்துக்காக நான் காலிசெய்யச் சொன்ன
பூக்காரரின் எண்ணை அதன் கீழே சேர்த்தேன்.
தரவேண்டியது இரண்டு.

கை வழுக்கிற்று.
வால்வு மாதேஷ் அழைத்துக்கொண்டிருந்தான்.