இயந்திரம் பழுது

அவோமோரியில் பின்னிரவு. கடை வாசலை
மூன்றாம் முறை பெருக்கிவிட்டேன்; பனி விடவில்லை.
ஐம்பதாயிரம் யென் பரிசு அட்டை
ஆறு வேண்டும் என்கிறார் குவபாரா,
பால் பாக்கெட்டுக்குச் சில்லறை எண்ணித் தருபவர்.

"கணினியில் வைரஸாம். திரை கத்துகிறது."
கோட்டுப் பைக்குள் கைபேசி
அணையாமல்
எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்கும் எட்டும்படி சொன்னேன்:
"மன்னிக்கணும், இயந்திரம் பழுது."
பழுதில்லை.
ரசீதின் முதுகில் எழுதி நீட்டினேன்:
பைக்குள் இருப்பவன் திருடன்.

கண்ணாடியில் ஆவி.
துடைத்தார், படித்தார்,
மறுபடி துடைத்தார்.

கைபேசியை வெளியே எடுத்து,
பழக்கதோஷம், அதற்குக் குனிந்து வணங்கி,
"இயந்திரம் பழுதாம்" என்றார்.
அணைத்தார்.

பால் வாங்கினார்.
எண்ணியதில் ஒரு யென் குறைந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.