ஈரப்பதம்

பொறையாறு கொள்முதல் நிலையம்.
மூட்டைக்கு நாற்பது ரூபாய்,
நெல் தராசில் ஏறுமுன்
என் மேசைக்கு வந்துவிடும்.
அதிலும் பத்தில் ஒன்று உமக்கு, ஆண்டவரே.
பைசா பிசகியதில்லை.

நேற்று ஆராதனையில்
காணிக்கைப் பை சலோமியிடமிருந்து என்னிடம் வந்தது.
பதினேழுக்கு மேல் ஈரம் என்று
நான் திருப்பிவிட்ட குறுவை அவளுடையது.
மூன்று ராத்திரி மழையில்
தார்ப்பாய்க்கடியில் அதோடு படுத்துக்கிடந்தாளாம்.
அவள் போட்ட சில்லறை
இன்னும் சூடாக இருந்தது.

என் உறையைப் போட்டேன்.
பை வாங்கிக்கொண்டது.
நீர் வாங்கவில்லை.

இன்று திங்கள்.
எழுபத்திரண்டு பெயர் எழுதின நோட்டு,
பி.எஃப்-இல் எடுத்த பணம்,
முதல் வாசல்.
நாய் விடாமல் குரைக்கிறது.

‘யாரது?’

வாங்கினவன், என்றேன்.