ஆறு மீட்டர்

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, பின்பக்க வராந்தா.
தரையில் நான் ஒட்டிய மஞ்சள் டேப்
முனைக்கு முனை ஆறு மீட்டர்.
தாசையனுக்கு அது
பேச்சிப்பாறை போய்த் திரும்புகிற தூரம்.

கணுக்கால்களில் தீப்பெட்டி அளவில்
ஆளுக்கொரு கருவி கட்டினேன்.
"எனக்க காலு ஒறங்குதா, நடிக்குதான்னு
இது சொல்லுமோ பிள்ளே?"
சொல்லும் என்றேன். பாதிப் பொய்.

நடந்தார்.
வலது போய் ஊன்றியது.
இடது வந்தது,
வந்தது,
இன்னும் வந்துகொண்டிருந்தது.

இடது காற்றில் நின்றது புள்ளி ஏழு நான்கு நொடி.
வலது, புள்ளி நான்கு ஐந்து.
வகுத்தால் ஒன்று புள்ளி ஆறு நான்கு.
வெறும் ஒன்று வந்தால் இரு காலும் சமம்.

ஞானப்பூ மஞ்சப்பையிலிருந்து
ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து
என் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
வலது புதுசு.
இடதின் நுனியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
"ஒரு மாசம்தான் ஆச்சு வாங்கி.
ஒங்க மிஷினு இதுக்கு மேல என்ன சொல்லிச்சு?"

முன்பு எப்படி நடப்பார் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
இருந்தும் கேட்டேன்.
முந்நூற்றைம்பது ரப்பர் மரம்,
நெற்றியில் விளக்கு, மூன்று மணி இருட்டு,
மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி
ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில்.
"சமமா நான் எப்ப நடந்தேன்?
கெட்டு நடந்த அன்னைக்குக் கோயில்லதான்
தரை சமமா கெடந்து.
அன்னைக்கும் காலு வெறைச்சு."
ஞானப்பூ சிரிக்கவில்லை. பிறகு சிரித்தாள்.

ஒன்பதாவது வாரம்
ஒன்று புள்ளி ஒன்று இரண்டு.
கைதட்டப் போனவள்
மேல் வரியைப் பார்த்து நிறுத்தினேன்.
இடது அதே ஏழு நான்கு. அசையவில்லை.
வலதுதான் ஆறு ஆறுக்கு ஏறியிருந்தது.
நல்ல கால் கெட்டுவிட்டதா?
கெட்டதோடு சேர்ந்து மந்தமாகி
சமம் என்று எனக்குக் கணக்குக் காட்டுகிறதா?
பேனாவை மூடினேன், திறந்தேன்.
'முன்னேற்றம்' என்ற கட்டத்தில்
ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

குலசேகரம் பஸ் வந்துவிட்டது.
ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.
ஞானப்பூ அவருக்கு அரையடி பின்னால்
ஒன்று நீளம், ஒன்று குட்டையாக எட்டு வைக்கிறாள்.
அவளுக்கு ஒரு நோவும் இல்லை.
அவள் கணுக்காலை யாரும் அளந்ததில்லை.

ஏறும்போது நல்ல கால் முதலில்,
நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.
அவர் கம்பியைப் பிடித்து
படியில் இடதை வைக்கிறார்.

அப்போதுதான் உறைத்தது.
வலது அந்தரத்தில் நின்ற
அந்த ஆறு ஆறு நேரமும்
ஆளைச் சுமந்தது எது?

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு
ஊதாமல் நிற்கிறார்.
வலது தரையைவிட்டு எழும்புகிறது.
கருவி இல்லாமல் எண்ணுகிறேன்:
ஒன்று,
இரண்டு