கையெழுத்து பொருந்தவில்லை

வண்டியும் ஐம்பது.
நம்பர் பலகையில் டி.என். ஐம்பது.
வருகிற சித்திரையில் எனக்கும் ஐம்பது.
"இதுக்கு மேல இத வச்சிருந்தா செலவுதான்"
என்றான் மெக்கானிக் குணாளன்.
வண்டியைத்தான் சொன்னான்.

வாங்கி இருபத்து மூன்று வருஷம்.
சொசைட்டி லோன்.
எடையூர்ப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம்.
அதுவரை புதன்கிழமைகளில்
தடுப்பூசிப் பெட்டியை இடுப்பில் இடுக்கி
வாய்க்கால் கரையோடு நடந்திருக்கிறேன்.
பஸ்ஸுக்கு நான் காத்திருப்பேன்.
ஐஸ் காத்திருக்காது.

பிறகு பெட்டி என் கால்களுக்கு நடுவே.
பின்னால் யார் யாரோ.
பனிக்குடம் உடைந்த சந்தனமேரி ஒரு ராத்திரி.
கோரையாற்றுப் பாலம் தாண்டும்வரை
"அக்கா பள்ளம், அக்கா பள்ளம்" என்று
அவள்தான் எனக்கு வழி சொன்னாள்.
சீட்டில் அவள் நகம் கிழித்த இடம்
ரெக்சின் மாற்றும்வரை இருந்தது.
அந்தப் பையன் இப்போது திருப்பூரில்.
அவனுக்கு இதெல்லாம் தெரியாது.
தெரிந்து என்ன செய்யப் போகிறான்.

பங்குனியில் தார்ச்சாலை முழுக்க
உளுந்துச் செடி பரப்பியிருப்பார்கள்,
போகிற வருகிற வண்டி மிதித்து உதிர்க்கட்டுமென்று.
உதிர்த்துக் கொடுத்ததற்குக் கூலியாக
செயினில் சுற்றிக்கொள்ளும் கொடி.
இறங்கி, பையிலிருந்து கத்தரியை எடுத்து
அறுத்துவிட்டுப் போவேன்.
எந்தக் கத்தரி என்று கேட்காதீர்கள்.

கஜாவுக்கு மறுநாள்
விழுந்த தென்னைகளுக்கு மேலாக
நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.
அன்று ஒருநாள் மட்டும்
அது எங்கள்மேல் ஏறி வந்தது.

அதன் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும்.
கேட்டதும் பிள்ளைகள்
வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிவிடும்.
மகள் வாங்கிக் கொடுத்த பேட்டரி வண்டிக்குச் சத்தமே இல்லை.
போன புதன்கிழமை
எல்லாப் பிள்ளைகளும் அகப்பட்டுக்கொண்டன.
ஒன்று என்னைப் பார்த்த பார்வை
துரோகியைப் பார்க்கிற பார்வை.

ஜாம்புவானோடையிலிருந்து வந்தார் நிஜாமுதீன்.
நண்டு வியாபாரம்.
நாலாயிரம் என்றேன். மூவாயிரத்து எண்ணூறு என்றார்.
டயரை அமுக்கிப் பார்த்தார், விளக்கைத் தட்டிப் பார்த்தார்.
"ஐஸ் பெட்டிய எங்க வைக்கலாம்?" என்றார்.
நான் காட்டினேன்.
கம்பியில் கயிறு அறுத்த தடம் இருந்தது.
அவர் பெட்டிக்கும் அது சரியாகவே இருந்தது.

திருவாரூர் ஆபீஸில் பேரை மாற்றப் போனோம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய கிளார்க்
"கையெழுத்து பொருந்தல. பழைய மாதிரி போடுங்கம்மா" என்றார்.
பழைய தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
இரா. தமயந்தி.
ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக,
'த'வுக்கு ஒரு கொண்டை,
அடியில் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.
எத்தனை சாவகாசம் இருந்திருக்கிறது அவளுக்கு.
இருபது ரிஜிஸ்டரில் தினமும் போட்டுப் போட்டு
என் பேரில் இப்போது மிஞ்சியிருப்பது
ஒரு வளைவும் ஒரு இழுப்பும்.

வேண்டாத தாளின் பின்பக்கம்
ஐந்து முறை எழுதிப் பார்த்தேன் அவளை.
கொண்டை வந்தால் கோடு வரவில்லை.
ஆறாவதில்
"சரி சரி, இருக்கட்டும்" என்றார் கிளார்க்.
அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தது.
காலையில் எனக்கு ஒன்பது மிதி மிதித்தும் இருமிய வண்டி.
சோக்கை முழுசாக இழுக்கக் கூடாது,
பாதியில் நிறுத்தி, மூச்சுவிட்டு,
பிறகு மிதிக்க வேண்டும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஒரே மிதியில் கிளப்பிவிட்டார்.

புகை கலையும்வரை நின்றேன்.

மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
கமலாபுரம் தாண்டும்போது
டிக்கெட் கிழித்த கண்டக்டர் குனிந்து,
யாருக்கும் கேட்காத குரலில்,
"ஹெல்மெட்டக் கழட்டிக்கலாம்மா" என்றார்.